தெருக்கூத்து, ஈழத்துக் கூத்து ஆகியவற்றின் பொது இசை மரபுகள்

தெருக்கூத்து, ஈழத்துக் கூத்து ஆகியவற்றின் பொது இசை மரபுகள் என்பது தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஆடப்படும் தெருக்கூத்திற்கும் இலங்கையின் கிழக்கு, வடக்கு, வடமேற்குப் பகுதிகளில் ஆடப்படும் நாட்டுக்கூத்திற்கும் இடையே பாடல் அமைப்பு, தாளம், ஆட்டமுறை, கதை ஆகியவற்றில் காணப்படும் ஒற்றுமைகளைக் குறிக்கும். இரண்டும் இரவு முழுவதும் திறந்தவெளியில் ஆடப்படும் ஆடல் நாடகங்கள் ஆகும். இரண்டிலும் ஆட்டக்காரரே பாடுவார்; அவர் பாடுவதைப் பின்பாட்டுக்காரர் திருப்பிப் பாடுவர்; பாட்டு முடிந்ததும் தாளத்திற்கு ஏற்ப ஆட்டம் நிகழும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கூத்துப் பார்த்த ஒருவருக்கு மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தினைப் புரிந்துகொள்ளப் பெரும் விளக்கம் தேவைப்படாது. எனினும் இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றிலிருந்து நேரடியாகப் பிறந்தது எனக் கூறுவதற்கான சான்று போதாது.

பெயர்

'தெருக்கூத்து' என்பது தமிழ்நாட்டில் பரவலாக வழங்கும் பெயர். காஞ்சிபுரம், செய்யாறு பகுதிகளின் கலைஞர்கள் சிலர் 'கட்டைக்கூத்து' என்ற பெயரையே விரும்புகின்றனர். முதன்மைப் பாத்திரங்கள் அணியும் மரத்தாலான கிரீடம், புஜம் முதலிய அணிகலன்கள் 'கட்டை' எனப்படும். அதனை அணிந்து ஆடும் கூத்து கட்டைக்கூத்து ஆகும். 'தெரு' என்னும் அடைமொழி கலையைத் தாழ்த்திக் காட்டுகிறது என்பது இவர்களின் கருத்து. இதற்கு மாறாக, தெருக்கூத்து என்ற பெயரைப் பெருமையுடன் வைத்துக்கொண்டுள்ள குழுக்களும் உள்ளன. இக்கட்டுரையில் பரவலான வழக்கு கருதித் 'தெருக்கூத்து' என்ற பெயர் பயன்படுத்தப்படுகிறது.

இலங்கையில் 'கூத்து', 'நாட்டுக்கூத்து', 'நாடகம்' என்ற சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு வகைப்படும். 'மோடி' என்பது பாணி அல்லது முறை எனப் பொருள்படும். மன்னாரில் மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என்ற பிரிவுகள் உள்ளன.

தெருக்கூத்திலும் வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற பிரிவு உண்டு. எனவே வடக்கத்திப் பாணியே கடல் கடந்து வடமோடி ஆயிற்று என்றும், தெற்கத்திப் பாணியே தென்மோடி ஆயிற்று என்றும் எளிதாக முடிவு செய்யத் தோன்றும். இது தவறான முடிவாகும். தமிழ்நாட்டில் இப்பிரிவு காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தையும் அதற்குத் தெற்கிலுள்ள செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்தையும் சுட்டும் உள்ளூர்ப் பிரிவு மட்டுமே. மட்டக்களப்பிலோ ஒரே ஊரில் இரு மோடிகளும் ஆடப்படுவதுண்டு. அங்கு மோடி என்பது திசையைக் காட்டிலும் ஆட்டமுறையையே சுட்டுகிறது. பெயர் மட்டும் வந்த வழியைக் காட்டிவிடாது என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன. நெதர்லாந்தின் பிரிசிய மக்களிடம் 'ஸ்காட்லாந்து' என்ற பெயர் தாங்கிய நாட்டார் ஆட்டங்கள் உண்டு. அப்பெயரைக் கொண்டு அவை ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை என யாரும் உறுதி செய்வதில்லை.

நடுநாடும் கள்ளக்குறிச்சியும்

தெருக்கூத்தின் முதன்மை நிலப்பரப்பு பழைய தொண்டை நாடும் நடுநாடும் ஆகும். நடுநாட்டின் பெரும்பகுதி இன்று விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் அடங்கும். கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை, சங்கராபுரம், சின்னசேலம் ஆகியவை இம்மாவட்டத்தின் பிற முக்கிய ஊர்கள். மேற்கில் கல்வராயன் மலை உள்ளது. கோமுகி ஆறு இம்மலையிலிருந்தே இறங்கி வருகிறது.

கூத்தின் வரலாற்றில் இந்நிலப்பகுதிக்குத் தனி இடம் உண்டு. கூத்துக் கதைகளுக்கு அடிப்படையான தமிழ்ப் பாரதத்தைப் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டைச் சேர்ந்த சனியூரில் பிறந்தவர். அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டான் வக்கபாகையை ஆண்ட சிற்றரசன் ஆவான். திருமுனைப்பாடி நாட்டுடன் பெரிதும் தொடர்புடைய திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. நூல் பிறந்த நிலமும் அந்நூலை இரவிரவாக ஆடிக்காட்டும் நிலமும் ஒன்றே.

இதே மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை அருகிலுள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயில் அரவானுக்கு உரியது. சித்திரை மாதத் திருவிழாவில் திருநங்கையர் பெருந்திரளாகக் கூடி அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் களப்பலி ஆனதும் தாலி அறுக்கின்றனர். அரவான் களப்பலி தெருக்கூத்திலும் ஓர் இரவுக்குரிய கதையாகும். கோயிலில் சடங்காகவும் களத்தில் நாடகமாகவும் ஒரே கதை நிகழ்வதனை இப்பகுதியில் தெளிவாகக் காணலாம்.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுவோர். (கேரளத்து மலையாளிகளுடன் இவர்களுக்குத் தொடர்பில்லை, 'மலையை ஆள்வோர்' என்ற பொருளில் வழங்கும் பெயர் இது.) தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. மலை நெடுங்காலம் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று சாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்து, 1976இல் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. காஞ்சிபுரம் கூத்துக்குப் பெயர்பெற்ற வட்டாரம் என்பதால் மலையாளிகளின் வாய்மொழி மரபைக் கூத்து பரவிய வழியோடு இணைக்கத் தோன்றலாம். ஆனால் குடிப்பெயர்ச்சிக் கதை ஒன்றினைக் கொண்டு கலையின் வழியை நிறுவ இயலாது.

பாரதமும் திரௌபதி வழிபாடும்

தெருக்கூத்து திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுடன் பிணைந்தது. பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். அன்று படித்த பகுதியை ஒட்டிய கதை இரவில் கூத்தாக ஆடப்படும். திரௌபதி கல்யாணம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவை பெரும்பாலான ஊர்களில் ஆடப்படும் கதைகள். அர்ச்சுனன் தபசில் ஆட்டக்காரர் உயரமான தபசு மரத்தின் மீது பாடிக்கொண்டே ஏறுவார். இறுதிநாள் காலையில் களிமண்ணால் செய்த மிகப்பெரிய துரியோதனன் உருவத்தின் மீது படுகளம் நடைபெறும். திரௌபதி கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி நிகழும்.

வில்லிபாரதம் பத்துப் பருவங்களைக் கொண்டது. போர் முடிவுடன் அது நிறைவுறுகிறது. கூத்து வரிசையும் பெரும்பாலும் பதினெட்டாம் நாள் போருடன் முடிவடைவது இங்கு நோக்கத்தக்கது.

இலங்கையின் கிழக்குக் கரையில் பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயிலிலும், வடமேற்கில் புத்தளம் மாவட்டத்து உடப்பிலும் திரௌபதி வழிபாடும் தீமிதியும் இன்றளவும் சிறப்பாக நடைபெறுகின்றன. பாண்டவர் வனவாசம் முதலியவை பாண்டிருப்பில் சடங்குகளாக நிகழ்த்தப்படுகின்றன. ஆயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மட்டக்களப்பில் கூத்து திரௌபதி கோயில் திருவிழாவின் உறுப்பாக அமையவில்லை. ஊரார் விரும்பும் ஏதேனும் ஒரு கதையைப் பழகி, பல மாதப் பயிற்சிக்குப் பின் அரங்கேற்றுவர். அங்கு பாரதக் கதைகள் பெரும்பாலும் வடமோடியில் அமைகின்றன. கர்ணன் போர், குருக்கேத்திரன் போர், பதினெட்டாம் போர் என்பன இவ்வகையின. தென்மோடியில் அலங்காரரூபன், அனுருத்திரன் போன்ற காதற் கதைகள் மிகுதி. பவளக்கொடி, அல்லி அர்ச்சுனன், அரிச்சந்திரன், காத்தவராயன் ஆகிய கதைகள் இரு கரைகளிலும் உண்டு. வடக்கிலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் இதே கூத்து வடிவத்தில் புனிதர் வரலாறுகளை ஆடிவருகின்றனர். கதை மாறினாலும் தருவும் தாளமும் மாறாததால், கூத்தின் இசை சமயம் சாராத ஒரு பொதுச்சட்டகம் என்பது தெளிவாகிறது.

பாடல் அமைப்பு

இரு மரபுகளுக்கும் இடையிலான ஒற்றுமை கதையைக் காட்டிலும் பாடல் அமைப்பிலேயே ஆழமாக உள்ளது. பாத்திரத்தின் வரவு ஒரு விருத்தத்துடன் தொடங்கும். விருத்தம் தாளமின்றி இழுத்துப் பாடப்படுவது. மத்தளம் அப்போது அமைதியாக இருக்கும், அல்லது சுருதியை நிரப்பும் வகையில் மெல்ல உருட்டும். விருத்தத்தின் இறுதிச் சொல் முடிந்தவுடன் தாளம் பிடிக்கப்பட்டுத் தரு தொடங்கும். தரு என்பது தாளத்துக்கு அமைந்த பாட்டு. பாத்திரம் தன்னை அறிமுகம் செய்துகொள்வது, ஒருவரோடு ஒருவர் வாதிடுவது, போருக்கு அழைப்பது அனைத்தும் தருவிலேயே நிகழும். தருக்களுக்கு இடையே வசனம் வரும். வசனம் பெரும்பாலும் தருவின் பொருளையே பேச்சு நடையில் திரும்பச் சொல்லும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேளாமற்போன பின்வரிசையினருக்கும் கதை சென்று சேர்வதற்கு இவ்வேற்பாடு உதவியது.

விருத்தம், தரு ஆகியன தவிர கொச்சகம், கலித்துறை, வெண்பா, சிந்து, கந்தார்த்தம் முதலிய வடிவங்களும் கூத்து ஏடுகளில் காணப்படுகின்றன. இவ்வடிவங்கள் கூத்துக்கு மட்டும் உரியவை அல்ல. குறவஞ்சி, பள்ளு, நொண்டி நாடகம் போன்ற 17, 18ஆம் நூற்றாண்டுச் சிற்றிலக்கியங்களிலும் இவற்றுட் பல உள்ளன. ஆகவே இரு கரையினரும் ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் பெற்றனர் என்பதைவிட, ஒரே இலக்கியக் களஞ்சியத்திலிருந்து இருவரும் எடுத்துக்கொண்டனர் என்று கூறுவது பொருந்தும்.

பின்பாட்டு இரு மரபுகளுக்கும் உயிர்நாடியாகும். ஆட்டக்காரர் ஓரடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவர். இதனால் ஆடுபவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது. எட்டு மணி நேரம் கனத்த அணிகலன்களைச் சுமந்து ஆடிப் பாடும் ஒரு கலைக்கு இது அழகுக்காக மட்டும் சேர்க்கப்பட்ட உறுப்பு அன்று. இஃது இல்லாமல் கூத்து நடவாது.

யாழ்ப்பாணம், முல்லைத்தீவு பகுதிகளில் ஆடப்படும் காத்தவராயன் கூத்து 'சிந்துநடைக் கூத்து' எனப்படும். இதில் கடுமையான அடவுகள் இல்லை. சிந்து மெட்டுக்கு ஏற்ப மெல்ல அசைந்து நடக்கும் நடையே ஆட்டமாகும். இசையால் இழுக்கப்படும் இவ்வகையைக் கேட்டவர்கள் தமிழ்நாட்டின் காவடிச்சிந்தினை நினைவுகூர்வது இயல்பே.

இசைக்கருவிகளும் தாளமும்

மேடைக் கருவிகளைப் பொறுத்தவரை இரு மரபுகளும் வெகுவாக வேறுபடுகின்றன. தெருக்கூத்தில் மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவை இடம்பெறும். முகவீணை என்பது நாதசுவரத்தைப் போன்ற சீவாளி கொண்ட சிறிய துளைக்கருவி. பெயரில் வீணை இருந்தாலும் நரம்புக் கருவி அன்று. இதன் கூர்மையான ஒலி வயல்வெளி தாண்டியும் கேட்கும். ஆர்மோனியம் ஐரோப்பியர் வழியாக வந்து நாடகக் குழுக்களின் மூலம் கூத்தில் நுழைந்தது. அதன் வருகைக்குப் பின் கூத்திசையில் கருநாடக இராகங்களின் பெயர்கள் கூடுதலாக வழங்கலாயின. மோகனம், நாட்டை, முகாரி, கல்யாணி போன்ற இராகங்களைக் கலைஞர்கள் பெயர் சொல்லியே பாடுவர். எனினும் கச்சேரி மேடையில் கேட்கும் மோகனத்தைக் கூத்தில் எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். உச்சத் தொனியில், கமகங்கள் குறைந்து, நேராக எய்யும் அம்பு போன்று பாடப்படுவது கூத்து மோகனம்.

மட்டக்களப்புக் கூத்தில் துளைக்கருவி இல்லை. ஆர்மோனியமும் மரபில் இல்லை. மத்தளமும் சல்லரி எனப்படும் தாளமும் மட்டுமே. மத்தளத்தை அண்ணாவியாரே வாசிப்பார். இசையின் முழுச் சுமையும் குரலின் மீதும் மத்தளத்தின் மீதும் விழுகிறது. இதன் விளைவாகத் தாளக்கட்டு மிக விரிவாக வளர்ந்துள்ளது. ஒவ்வொரு பாத்திர வகைக்கும் தனித்தனி வரவுத்தாளம் உண்டு. அரசன், அரசி, வீரன், முனிவர் யார் வருகிறார் என்பதைக் கண்ணால் காணும் முன்னரே தாளத்தைக் கேட்டு ஊரார் அறிந்துகொள்வர்.

இரு மரபுகளும் நான்கு, மூன்று, ஏழு எண்ணிக்கைத் தாளங்களையே பெரிதும் பயன்படுத்துகின்றன. ஆதி, ஏகம், ரூபகம், திரிபுடை என்பன இவற்றுக்கு வழங்கும் பெயர்கள். ஒரு தாளக்கட்டை முதலில் மெதுவாகத் தொடங்கி, அதனையே இரண்டாம் காலத்தில் இரட்டிப்பு வேகத்தில் சொல்லி, இறுதியில் ஒரு முத்தாய்ப்புடன் முடிப்பது இரண்டிலும் பொதுவான முறை. மட்டக்களப்பில் இதனைத் 'தாளந்தீர்த்தல்' என்பர். தமிழ்நாட்டில் 'தீர்மானம்' என்ற சொல் வழங்குகிறது. 'தீர்' என்னும் ஒரே வினையிலிருந்து இரு சொற்களும் பிறந்தன. 'ததிங்கிணதோம்' என முடியும் சொற்கட்டுகள் கரை இரண்டிலும் கேட்கப்படுபவை. பரதநாட்டியம் பயில்வோருக்கும் இவை புதியன அல்ல.

கணினியில் ஒலிப்பதிவுகளை அருகருகே வைத்துத் தாள இடைவெளிகளை அளந்து ஒப்பிடுவது இன்று எளிது. வேக மாற்றம் எவ்விடத்தில் நிகழ்கிறது, தீர்மானம் எத்தனை ஆவர்த்தங்கள் நீள்கிறது போன்ற வினாக்களுக்கு ஊகத்தை விட்டு எண்களால் விடை காண இது வழிவகுக்கும். ஆர்வமுள்ள மாணவர்கள் இத்துறையில் ஈடுபடலாம்.

பறை பற்றி ஒரு குறிப்பு அவசியம். தமிழ்நாட்டில் பறை அல்லது தப்பு என்பது ஒருமுகம் கொண்ட, வளையச் சட்டத்தில் தோல் கட்டிய கருவி. மட்டக்களப்பில் பறை எனப்படுவது இருமுகம் கொண்ட உருளை வடிவ முழவு. அங்கு கோயில்களில் ஆடப்படும் பறைமேளக்கூத்தில் இதனுடன் சொர்ணாளி என்னும் துளைக்கருவி சேரும். பெயர் ஒன்றாக இருந்தும் கருவி வேறாக உள்ளது. பறை இசைத்த சமூகத்தினர் இரு கரைகளிலும் சாதி ஒடுக்குமுறைக்கு ஆளாயினர் என்பதும், அதனால் இக்கருவியைக் கைவிட முனைந்தோரும் அதனையே உரிமையின் அடையாளமாக ஏந்தியோரும் இரு நாடுகளிலும் உள்ளனர் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

களரியும் ஆட்டமும்

தெருக்கூத்து ஊர்ப் பொதுவிடத்தில், மூன்று பக்கமும் மக்கள் அமர, பின்பாட்டுக்காரரும் கருவியிசைப்போரும் பின்னால் பெஞ்சில் அமர்ந்திருக்க நடைபெறும். மட்டக்களப்பில் மண்ணைக் குவித்து உயர்த்திய வட்டக்களரி அமைக்கப்படும். அண்ணாவியார் களரியின் உள்ளே நிற்க, ஆட்டக்காரர் சுற்றி ஆடுவர். மக்கள் நாற்புறமும் அமர்வர்.

தெருக்கூத்தில் முதன்மைப் பாத்திரம் நேரடியாக வெளிப்படாது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, கிரீடமும் சலங்கைக் காலும் மட்டும் தெரிய ஆடி, பின்னரே திரை விலகும். இது திரைப் பிரவேசம் எனப்படும். கூத்தரைத் துணியால் மறைத்துக் களரிக்கு அழைத்து வரும் வழக்கம் மட்டக்களப்பிலும் உண்டு. முதலில் வந்து அரசனின் வருகையை அறிவிக்கும் கட்டியக்காரன் இரண்டிலும் இருக்கிறான். தமிழ்நாட்டில் அவன் கோமாளியும் ஆவான். அரசனைக் கேள்வி கேட்டுக் கேலி செய்யவும், அன்றைய ஊர்ச் செய்தியைப் பாரதக் கதைக்குள் நுழைக்கவும் அவனுக்கு உரிமை உண்டு.

ஆட்டத்தில் தெருக்கூத்தின் அடையாளம் கிறுக்கி எனப்படும் சுழற்சி. கனத்த புஜமும் கிரீடமும் அணிந்து, பாவாடை போன்ற உடை விரிய, ஒரே இடத்தில் பலமுறை சுழன்று ஆட்டக்காரர் தாளத்தோடு நிற்பார். வடமோடி அடவுகளுக்கு வீசாணம், எட்டு, பொடியடி, குத்துமிதி முதலிய பெயர்கள் உண்டு. வடமோடியின் உடையும் கிரீடமும் கனமானவை. தென்மோடியின் உடை இலேசானது. ஆகவே தென்மோடியில் நுணுக்கமான கால்வேலைக்கு இடம் கூடுதல். தோற்றத்தைப் பொறுத்தவரை தெருக்கூத்துக்கு நெருங்கியது வடமோடியே. கருநாடகத்தின் யக்சகானமும் கனத்த முடி, தனி வரவு, தாளத்தோடு சுழலும் ஆட்டம் ஆகியவற்றால் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பயிற்சி முறை

கலைஞர் யார் என்னும் வினாவில்தான் இரு மரபுகளும் பெரிதும் பிரிகின்றன. தெருக்கூத்து தொழில்முறைக் குழுக்களால் ஆடப்படுகிறது. இக்குழு 'ஜமா' எனப்படும். வாத்தியார் அதன் தலைவர். திருவிழாக் காலத்தில் ஊர் ஊராகச் சென்று ஆடுவர். ஊரார் தாம்பூலம் கொடுத்து அமர்த்துவர். சிறுவயதில் ஜமாவில் சேர்ந்து, முதலில் சிறு வேடங்கள், பின் பெண் வேடம், பின் கட்டை வேடம் எனப் படிப்படியாக வளர்வது மரபு.

மட்டக்களப்பில் ஆடுவோர் அவ்வூர் உழவரும் மீனவரும் ஆவர். அண்ணாவியார் ஒருவரை ஊரார் அழைத்து வருவர். யாருக்கு எப்பாத்திரம் என முடிவானதும் பாடலும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுப்பது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். பின்னர் இரவுதோறும் பயிற்சி நடக்கும். கால் பழகியபின் சதங்கை அணியும் நிகழ்வும், முழுக்கூத்தையும் ஒத்திகை பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்' நிகழ்வும் ஊர் கூடி நடத்தப்படும். அரங்கேற்றத்திற்குப் பின் வீடு வீடாகச் சென்று ஆடுவதும் உண்டு. பயிற்சியை நாள்தோறும் வேடிக்கை பார்க்கும் ஊராருக்கு அரங்கேற்றத்திற்கு முன்பே பாட்டுகள் மனப்பாடமாகிவிடும். இதனால் அங்கு சபையில் இருப்போரில் பலர் பின்பாட்டுக்காரராகவே மாறிவிடுவர்.

கடல் கடந்த பிற வடிவங்கள்

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் தம்முடன் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவற்றைக் கொண்டு சென்றனர். மலையகக் கூத்தில் தப்பு முதன்மைக் கருவி. மட்டக்களப்புக் கூத்தைப் போலன்றி, இங்கு வந்த வழி ஐயமின்றித் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரிடையேயும் தெருக்கூத்து நிலைத்தது. ரீயூனியன் தீவில் இது 'பால் தமூல்' (தமிழ் ஆட்டம்) என வழங்குகிறது. சொற்பொருள் அறியாதோரும் அங்குத் தருக்களைப் பாடி வந்தனர். மொழி தேய்ந்த பின்னும் மெட்டு எஞ்சுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ்க் கூத்தின் தாக்கம் சிங்கள நாடகத்திலும் உண்டு. சிங்கள 'நாடகம' என்னும் நாட்டார் நாடக வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து உருவானதாகக் கருதப்படுகிறது. அதில் மத்தளம் 'மத்தல' எனவும் விருத்தம் 'விருதுவ' எனவும் வழங்குகின்றன. எதிரிவீர சரச்சந்திர இவ்வடிவத்தைக் கொண்டு 1956இல் அரங்கேற்றிய 'மனமே' நவீன சிங்கள அரங்கின் திருப்புமுனையாகும்.

ஆய்வும் மீட்டுருவாக்கமும்

இலங்கையில் கூத்தைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டு வந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தையும், தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றையும் மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருக்கப்பட்டு, வட்டக்களரியிலிருந்து ஒருமுக மேடைக்கு மாற்றப்பட்டது. 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் குறித்து விரிவாக ஆய்வு செய்தார்; வடமோடி ஆட்டத்தைப் பயன்படுத்திச் சாதியத்திற்கும் வர்க்கச் சுரண்டலுக்கும் எதிரான 'சங்காரம்' நாடகத்தை உருவாக்கினார்.

இச்சுருக்கத்தை ஏற்காதோரும் உள்ளனர். சி. ஜெயசங்கர் முதலியோர் 2000களில் மட்டக்களப்பு சீலாமுனையில் 'கூத்து மீளுருவாக்கம்' என்ற முயற்சியை மேற்கொண்டனர். கூத்தை ஊரிலிருந்து பிரித்து எடுக்காமல், களரியிலேயே வைத்து, அதிலுள்ள சாதி, பெண் பற்றிய பழைய கருத்துகளை ஊராருடன் பேசி மாற்றி எழுதுவது இதன் நோக்கம். முன்னது கூத்தை உலகறியச் செய்தது; பின்னது கூத்து யாருடையது என்ற கேள்வியை எழுப்பியது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது தேவையற்றது என்றே தோன்றுகிறது. எனினும் இசையை மட்டும் எடுத்துக்கொண்டால் இழப்பு மேடைக் கூத்தில் கூடுதல்: நேரம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது விருத்தமும் வரவுத்தாளமுமே.

தமிழ்நாட்டில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கூத்துக் கலைஞர்களோடு கொண்ட உறவின் மூலம் தெருக்கூத்தை நவீன நாடகத்தார் கவனத்திற்குக் கொண்டு வந்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரான் இவ்வகையில் பெரும்பங்காற்றினார். திரௌபதி வழிபாடு குறித்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் எழுதிய நூலின் முதல் தொகுதி 1988இலும், தெருக்கூத்து குறித்து ரிச்சர்டு பிராஸ்கா எழுதிய நூல் 1990இலும் வெளிவந்தன. கலைஞர் பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புரூயினும் காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்துடன் இணைந்து செயற்பட்டனர். சங்கத்தின் குருகுலம் 2002 முதல் 2020 வரை சிறுவர்களுக்குப் பள்ளிக் கல்வியுடன் கூத்தும் கற்பித்தது. ஆண்கள் மட்டுமே ஆடி வந்த இக்கலையில் பெண்கள் கட்டை வேடம் புனைந்து ஆடியது இக்குருகுலத்தின் முக்கிய விளைவு.

இன்றைய நிலை

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கிழக்குக் கரை ஊர்களைச் சிதைத்தன. இரவில் கூடுவதே ஆபத்தாக இருந்த ஆண்டுகளில் பல ஊர்களில் கூத்துப் பழகுவது நின்றது. கூத்து ஏடுகளும் இடப்பெயர்வில் அழிந்தன. போர் முடிந்தபின் கூத்து மீண்டும் பழகப்படுகிறது. மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்து பாடமாகவும் உள்ளது.

தமிழ்நாட்டில் அத்தகைய முறிவு ஏற்படவில்லை. கோடையில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பகுதிகளில் ஊர் ஊராகப் பாரதம் வைக்கின்றனர். ஜமாக்களுக்கு அக்காலத்தில் ஓய்வில்லை. ஆனால் மழைக்காலத்தில் வேறு வேலை தேட வேண்டிய நிலை கலைஞர்களுக்கு உள்ளது. முகவீணை வாசிப்போர் அருகி வருகின்றனர். மின்னணு விசைப்பலகை அதன் இடத்தைப் பல குழுக்களில் பிடித்துவிட்டது. விசைப்பலகையால் சுருதி தவறாது, சீவாளி உடையாது, ஓர் ஆளே பல கருவிகளின் ஒலியைத் தரலாம். ஆனால் விருத்தத்தின் முடிவில் பாடகரின் மூச்சு தீரும் கணத்தை அறிந்து அக்குரலைப் பற்றிக்கொண்டு மேலேறும் முகவீணையின் வேலையை அது செய்வதில்லை. முகவீணை இல்லாமலே தரு பாடும் மட்டக்களப்பு அண்ணாவியார்கள் அவ்விடத்தை மத்தளத்தால் நிரப்புகின்றனர். தமிழ்நாட்டுக் குழுக்கள் இம்முறையைக் கேட்டறியவும், மட்டக்களப்புக் கூத்தர் முகவீணையைக் கேட்டறியவும் வாய்ப்புகள் இதுவரை மிகக் குறைவாகவே அமைந்துள்ளன.